குளிர் கொல்வதில்லை: மீந்த சூரை மீன் சாலட் பற்றி ஒரு சிறு ஆராய்ச்சி

கல்லூரி ஆண்டு மலரில் எழுதுவதற்கு அணுசக்தி, விண்வெளிப் பயணம், சங்க இலக்கியம் என எத்தனையோ பொருள்கள் இருக்க, மீந்துபோன மீன் சாலட்டைப் பற்றியா ஒருவன் கட்டுரை எழுதுவான் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆனால் வேதியியல், விலங்கியல், பௌதிகம் ஆகிய மூன்றும் ஒரே கிண்ணத்தில் வந்து சந்திக்கும் இடம் இதைப்போல் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்து மதிப்பெண் கேள்விக்காகப் படித்துவிட்டுப் பரீட்சை முடிந்ததும் நாம் மறந்துவிடுகிற செய்திகள் சில, இந்தக் கிண்ணத்தருகே வந்ததும் உடல்நலப் பிரச்சினையாக மாறிவிடுகின்றன.

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் டூனா என்று வழங்கும் மீனை நம் கடற்கரையில் சூரை என்பார்கள். தூத்துக்குடியிலும், ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்ற குமரி மாவட்டத்துத் தூத்தூரிலும் இதை அறியாதவர் இல்லை. அமெரிக்காவில் இம்மீனை டின்னில் அடைக்கும் தொழில் 1903-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான் பெத்ரோவில் தொடங்கியது. அதுவரை மத்தி வகை மீன்களை அடைத்துவந்த தொழிற்சாலை ஒன்று, அம்மீன் சரிவரக் கிடைக்காமற்போகவே சூரையை அடைத்துப் பார்த்தது. மக்களுக்குப் பிடித்துவிட்டது. டின்னைத் திறந்து நீரை வடித்துவிட்டு, மீனை உதிர்த்து, மயோனைஸ், நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் அதுவே டூனா சாலட். அதை இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கிடையே வைத்துப் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் கொண்டுபோவது அந்நாட்டில் வெகு சாதாரணம்.

இது அமெரிக்கர் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கலாம். டின் மீன் இன்று நம் ஊர்ப் பெரிய கடைகளிலும் கிடைக்கிறது. மயோனைஸோ, ஷவர்மா கடைகள் வழியாகத் தாலுகா தலைநகரங்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது. வேகவைக்காத முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக் காலத்திற்குத் தடை செய்ததைப் பத்திரிகைகளில் பலரும் படித்திருப்பீர்கள். ஆக, இந்தக் கிண்ணம் நம் வாசலுக்கு வந்து நெடுநாளாகிவிட்டது.

இப்போது கேள்விக்கு வருவோம். செய்த சாலட்டில் பாதி மீந்துவிட்டது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் எத்தனை நாள் வைக்கலாம்? ஃப்ரீசரில் உறையவைத்து மாதக்கணக்கில் சேமிக்கலாமா? இக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உண்டால் தீங்கு வருமா என்பது ஒன்று. உண்ணும்படியான சுவையோடு இருக்குமா என்பது மற்றொன்று. பெரும்பாலோர் இரண்டாவதற்கு விடை கண்டுவிட்டு முதலாவதற்கும் கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். முகர்ந்து பார்த்து, “வாடை ஒன்றுமில்லையே” என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்குச் சண்டை.

இருபது நிமிடக் கணக்கு

உணவில் வாழும் பாக்டீரியாக்களில் பல, தமக்கு உகந்த வெப்பநிலையில் ஏறக்குறைய இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து பெருகுகின்றன. கணக்குத் தெரிந்தவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒன்று ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். இரண்டு மணியில் 64. நான்கு மணியில் 4,096. ஆறு மணியில் 2,62,144. தொடக்கத்தில் நூறு இருந்தால் ஆறு மணி நேரத்தில் இரண்டு கோடியே அறுபத்திரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். உண்மையில் புதிய இடத்தில் பழகிக்கொள்ள அவற்றுக்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் கணக்கு இவ்வளவு துல்லியமாக நடப்பதில்லை. ஆனால் போக்கு இதுதான். முதல் இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். கடைசி இரண்டு மணி நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

4 டிகிரி சென்டிகிரேடுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையை அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையினர் அபாய மண்டலம் என்று குறிப்பிடுகிறார்கள். கெடக்கூடிய உணவு எதுவும் இம்மண்டலத்தில் மொத்தம் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கிடக்கக்கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி. இவ்விதியின் கீழே சிறிய எழுத்தில் ஒரு துணைவிதி உண்டு: வெளி வெப்பநிலை 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரம் மட்டுமே. 90 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 32 டிகிரி சென்டிகிரேடு. வெயில் நாளில் திறந்தவெளியில் கூடிச் சாப்பிடும் அமெரிக்கனுக்கு எழுதப்பட்ட அந்தத் துணைவிதி, வேலூரிலோ திருச்சியிலோ இருப்பவனுக்கு ஆண்டின் பெரும்பகுதிக்குரிய முதல் விதி. புத்தகங்களில் “இரண்டு மணி நேரம்” என்று படித்து அப்படியே மொழிபெயர்த்து எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மயோனைஸ்தான் இச்சாலட்டைக் கெடுக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. இதில் பாதிதான் உண்மை. தொழிற்சாலையில் செய்து பாட்டிலில் வரும் மயோனைஸில் கிருமி நீக்கிய முட்டையும் போதிய வினிகரும் சேர்ந்திருக்கும். அதன் பி.எச். அளவு 4 அளவில் இருப்பதால் நோய்க்கிருமிகள் அதில் எளிதில் பெருக முடியாது. ஆனால் மீனும் வெங்காயமும் சேர்ந்ததும் அந்த அமிலம் நீர்த்துப்போகிறது. மயோனைஸுக்கு இருந்த காவல் சாலட்டுக்கு இல்லை. கடையிலோ வீட்டிலோ பச்சை முட்டையை அடித்துச் செய்யும் மயோனைஸின் கதை வேறு. அதில் சால்மொனெல்லா கிருமி முட்டையோடேயே வந்து சேரக்கூடும். மேற்சொன்ன அரசுத் தடை இதன்பொருட்டு வந்ததே.

நான் அதிகம் அஞ்சுவது மயோனைஸைக் கண்டல்ல, பிசைகிற கையைக் கண்டே. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா ஆரோக்கியமான மனிதரின் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. விரலில் சிறு புண் இருந்தால் கேட்கவே வேண்டாம். அது சாலட்டில் இறங்கிச் சில மணி நேரம் வெப்பத்தில் பெருகினால் ஒரு நஞ்சை உண்டாக்கி வைக்கிறது. அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் எளிதில் அழிவதில்லை. பாக்டீரியா செத்துவிடும், நஞ்சு நிற்கும். உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்திற்குள் பெருவாந்தி எடுக்கும். கல்யாண வீட்டு விருந்துகளில் பந்தி முடிந்த அன்று மாலையே பலர் ஒருசேர வாந்தியெடுத்து விழுவதாகச் செய்தி வரும்போது, மருத்துவர்கள் சந்தேகிக்கிற கிருமிகளில் இது முக்கியமானது. ஆகவே கரண்டியால் கலப்பது நல்லது.

சூரைக்கே உரிய நஞ்சு

இதுவரை சொன்னவை கோழிக்கறி சாலட்டுக்கும் முட்டை சாலட்டுக்கும் பொருந்துபவை. சூரைக்கென்று தனியே ஒரு வேதியியல் உண்டு. நான் இக்கட்டுரை எழுதத் துணிந்ததே அதற்காகத்தான்.

சூரை ஓயாமல் நீந்தும் மீன். அதன் சிவந்த தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் புரதத்தோடு பிணையாமல் தனித்த நிலையில் மிகுதியாக இருக்கிறது. நாம் பாடத்தில் இமிடசோல் வளையம் என்று வரைந்து பார்த்தோமே, அவ்வளையத்தைத் தாங்கிய அமினோ அமிலம்தான். மீன் உயிரோடு இருக்கும்வரை இதனால் தீங்கில்லை. செத்தபின் அதன் செவுளிலும் குடலிலும் இருந்த மார்கனெல்லா முதலிய பாக்டீரியாக்கள் தசைக்குள் பரவுகின்றன. அவற்றிடமுள்ள டிகார்பாக்சிலேஸ் என்னும் நொதி ஹிஸ்டிடினிலிருந்து ஒரு கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது ஹிஸ்டமின். தேள் கடித்த இடம் சிவந்து வீங்குவதிலும், தோலில் தடிப்பு எழும்புவதிலும் நம் உடலே சுரக்கிற அதே பொருள்.

ஹிஸ்டமின் மிகுந்த மீனை உண்டவருக்குச் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்திற்குள் முகமும் கழுத்தும் சிவந்துபோகும். தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெங்கும் அரிப்பு, சில சமயம் வயிற்றுப்போக்கு உண்டாகும். பார்ப்பவர்கள் “மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி” என்பார்கள். இது அலர்ஜி அன்று. அலர்ஜி உண்பவரின் உடல்வாகைப் பொறுத்தது. இதுவோ மீனிலேயே இருக்கும் நஞ்சு, யார் உண்டாலும் வரும். இவ்வேறுபாடு தெரியாமல், ஒருமுறை கெட்ட சூரையைத் தின்ற பாவத்திற்காக ஆயுள் முழுவதும் மீனையே ஒதுக்கிவைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே தணிந்துவிடும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளுக்கும் கட்டுப்படும். ஆனால் மூச்சுத்திணறல் கண்டாலோ, இதய நோயாளியாக இருந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்பொருளின் மூன்று குணங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, சமைத்தாலும் டின்னில் அடைத்து வேகவைத்தாலும் உறையவைத்தாலும் ஹிஸ்டமின் அழிவதில்லை. இரண்டு, அதற்கென்று அழுகல் வாடை கிடையாது. பார்வைக்கும் மூக்குக்கும் நன்றாகத் தோன்றும் மீனிலும் அது இருக்கலாம். மிளகுபோல் நாவில் உறைப்பதாகச் சிலர் சொல்வதுண்டு. எல்லோருக்கும் எப்போதும் அப்படித் தெரிவதில்லை. மூன்று, ஒரே மீனின் வாலருகே குறைவாகவும் வயிற்றருகே மிகுதியாகவும் இருக்கக்கூடும். ஆதலால் வீட்டில் ஒருவர் தின்று நலமாக இருக்கிறார் என்பது மற்றவருக்குச் சான்றாகாது. சர்வதேச உணவுத் தரக்குழுவான கோடெக்ஸ், சூரை போன்ற மீன்களில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கலாகாது என்று எல்லை வகுத்திருக்கிறது. அதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டும். நம் சமையலறையில் அதற்கு வழியில்லை.

சூரையைப் பிடித்தவுடன் ஐஸில் புதைக்கவேண்டும் என்று மீன்வளத் துறையினர் வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்கும். பிற மீன்களில் பெரும்பாலானவற்றின் உடல் கடல்நீரின் வெப்பநிலையிலேயே இருக்க, சூரை தன் தசைகளை அதைவிட வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள வல்லது. தூண்டிலில் மாட்டிப் போராடும்போது இன்னும் சூடேறுகிறது. பெரிய சூரையின் நடுத்தசை குளிர வெகுநேரமாகும். அந்தச் சூட்டைத் தணிப்பதற்குள் பாக்டீரியா முந்திக்கொண்டால், பிறகு எத்தனை டன் ஐஸ் கொட்டியும் பயனில்லை.

டின் மீனுக்கு இந்தப் பயம் இல்லையா என்று விலங்கியல் துறை நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அடைக்கும்போது நன்றாக இருந்த மீன், டின் மூடியிருக்கும்வரை அப்படியே இருக்கும். உள்ளே கிருமியே இல்லை. ஆனால் ஹிஸ்டிடின் இருக்கிறது. டின்னைத் திறந்ததும் கையிலிருந்தும் கத்தியிலிருந்தும் காற்றிலிருந்தும் கிருமிகள் வந்து சேர்கின்றன. கூடத்து மேசைமேல் மத்தியானம் முழுவதும் கிடக்கும் சாலட்டில் பழைய கதை புதிதாகத் தொடங்கிவிடுகிறது.

பனிக்கட்டி செய்யும் வேலை

“ஃப்ரிட்ஜில் வைத்ததுதானே, ஒன்றும் ஆகாது” என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். குளிரைக் கிருமிநாசினியாக எண்ணுவதால் வரும் பேச்சு இது. மைக்ரோபயாலஜி ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியா வகைகளை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காப்பாற்றி வைப்பதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? கிளிசரின் கலந்து உறையவைக்கிறார்கள். கிருமியைப் பாதுகாக்கும் முறையும் கிருமியிடமிருந்து உணவைப் பாதுகாக்கும் முறையும் ஏறத்தாழ ஒன்றே என்பது வேடிக்கையாக இல்லையா? உறைநிலையில் கிருமிகளில் ஒரு பகுதி சாகலாம். மிஞ்சியவை பெருகாமல் காத்திருக்கும். உருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைவிட முக்கியம், ஹிஸ்டமினை உண்டாக்கும் அந்த நொதி உறைநிலையிலும் சிதையாமல் நிற்கக்கூடியது. மீன் உருகியபின், அதை உண்டாக்கிய பாக்டீரியா செத்துப்போயிருந்தாலும், நொதி தன் வேலையைத் தொடரும்.

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், அதாவது 4 டிகிரியில், நிலைமை இன்னும் மென்மையானது. அங்குப் பெரும்பாலான கிருமிகள் மந்தமாகின்றன, அவ்வளவே. லிஸ்டீரியா என்னும் ஒன்று அந்தக் குளிரிலும் மெல்லமெல்லப் பெருகும். கருவுற்ற பெண்களுக்கு அதனால் கருச்சிதைவு நேரும் ஆபத்து உண்டு. டூனா சாலட்டை 3 அல்லது 4 நாட்களுக்கு மேல் வைக்கவேண்டாம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்வது இவை எல்லாவற்றையும் கருதியே. கர்ப்பிணிகளும் முதியோரும் அன்று செய்ததை அன்றே உண்பது மேல் என்பேன்.

குளிரைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் நம் நாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. 1833-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து வணிகரான ஃபிரெடெரிக் டூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரியில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி, நான்கு மாதப் பயணத்தில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். வழியில் கொஞ்சம் கரைந்ததுபோக மீதி வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். சுவாமி விவேகானந்தர் 1897-இல் அங்குத் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. அங்கே சேமித்தது வெள்ளையரின் பானங்களுக்குக் குளிர்ச்சியூட்ட. உணவைக் காக்கும் விஞ்ஞானமாகக் குளிர் வளர்ந்தது பின்னால். கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் கணத்தில் உறைவதையும், உருக்கிச் சமைத்தால் புது மீன்போலவே இருப்பதையும் கண்டவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸை. அவர் முறைப்படி விரைவாக உறையவைத்த உணவுகள் 1930-இல் மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக் கடைகளில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன.

பேர்ட்ஸை கண்டுகொண்டது வேகத்தின் மதிப்பை. மெதுவாக உறையும் நீர் பெரிய பளிங்குகளாகவும், விரைவாக உறையும் நீர் நுண்ணிய பளிங்குகளாகவும் அமைகிறது. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருமனில் விரிவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய பளிங்குகள் உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. வீட்டு ஃப்ரீசர் மெதுவான ரகம். ஆகவே அதில் வைத்த வெங்காயமும் செலரியும் வெள்ளரியும் உருகியபின் மொறுமொறுப்பிழந்து துவண்டு நீர்விடுகின்றன. வேகவைத்த முட்டையின் வெண்கரு ரப்பர்போல் ஆகிவிடும். மீன் மட்டும் இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே வெந்து உதிர்ந்த மீனுக்கு இழப்பதற்கு அதிகமில்லை.

மயோனைஸின் பாடுதான் பெரும்பாடு. அது ஒரு பால்மம். நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு எண்ணெய், நுண்துளிகளாகச் சிறிதளவு நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. முட்டை மஞ்சளில் உள்ள லெசிதின் ஒவ்வொரு துளியையும் மெல்லிய சவ்வாகப் போர்த்தி, ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்துவைக்கிறது. உறையும்போது நீர் பளிங்காகி ஒதுங்க, எண்ணெய்த் துளிகள் நெருக்கித் தள்ளப்படுகின்றன. எண்ணெயும் உறைந்து கூர்மையான பளிங்குகளாகிச் சவ்வைக் குத்திக் கிழிக்கிறது. உருகும்போது, கடைந்த தயிரில் வெண்ணெய் திரள்வதுபோல், எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும். மறுபடி கலக்கினால் ஓரளவு கூடும். பழைய பதம் வராது. டூனா சாலட் உறையவைக்க ஏற்றதன்று என்று சமையற்குறிப்புகளில் எழுதியிருப்பது இதனால்தான். ஆபத்து என்று அதற்குப் பொருளில்லை. அழகும் சுவையும் போய்விடும் என்பதே பொருள். மாறாக, சுவை போகாமல் இருந்தால் ஆபத்தில்லை என்றும் பொருளில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஐஸே அறியாத காலத்தில் மாலத்தீவினரும் மினிக்காய்த் தீவினரும் இதே சூரையை ஆண்டு முழுவதற்கும் சேமித்தார்கள். உப்பு நீரில் வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டைபோல் இறுகும்வரை வெயிலில் காயவைத்தார்கள். அதுவே மாசிக் கருவாடு. நீரை உறையவைப்பதும் நீரை அகற்றுவதும் பாக்டீரியாவைப் பொறுத்தவரை ஒன்றே. இரண்டிலும் அதற்குக் குடிக்க நீரில்லை. அங்கும் பிடித்த மீனைத் தாமதமின்றிக் கொப்பரையில் போடவேண்டும் என்ற நிபந்தனை மாறுவதில்லை.

செய்யவேண்டியவை

முதலில் டின்னை முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிரவைத்துவிட வேண்டும். 32 டிகிரியில் இருக்கும் டின்னைத் திறந்து செய்த சாலட், பெட்டிக்குள் போனபின் 4 டிகிரிக்கு இறங்குவதற்கே வெகுநேரம் எடுக்கும். அந்த நேரமும் அபாய மண்டலக் கணக்கில் சேரும். மயோனைஸும் அப்படியே குளிர்ந்திருக்கட்டும். உண்ணப்போகும் அளவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு மீதியை அப்போதே உள்ளே வைத்துவிட்டால், அது “மீந்தது” ஆகவே ஆகாது. எல்லோரும் சாப்பிட்டு, பேசி, கை கழுவி, ஒரு தூக்கமும் போட்டெழுந்தபின் எடுத்துவைப்பதுதான் மீந்தது. அதைக் கொட்டிவிடுவதே சிக்கனம்.

உறையவைத்தே தீரவேண்டும் என்பவர்கள் மீனை மட்டும் உறையவைக்கலாம். மயோனைஸ், காய்கள் சேர்ப்பதற்கு முன்பே, திறந்த டின்னில் தேவைக்கு மேற்பட்ட மீனை எடுத்து, நீரை வடித்து, மூடியுள்ள வேறு பாத்திரத்திலோ கெட்டியான பிளாஸ்டிக் பையிலோ மெல்லிய தகடாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடவேண்டும். திறந்த டின்னோடு அப்படியே உள்ளே வைப்பது ஆகாது. மெல்லிய தகடு என்று நான் அழுத்திச் சொல்வதற்குப் பௌதிகக் காரணம் உண்டு. 30 டிகிரியிலுள்ள ஒரு கிராம் நீரைப் பூஜ்யத்திற்குக் கொண்டுவர 30 கலோரி வெப்பத்தை அகற்றினால் போதும். ஆனால் பூஜ்யத்திலேயே அதைப் பனிக்கட்டியாக்க மேலும் 80 கலோரியை அகற்றவேண்டும். இவ்வளவு வெப்பமும் நடுவிலிருந்து விளிம்புக்கு ஊர்ந்து வரவேண்டும். பொருளின் தடிமன் இருமடங்கானால் அதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஒரு அங்குலத் தகட்டுக்கு இரண்டு மணி நேரம் என்றால், இரண்டு அங்குலத் தகட்டுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை வெளியேற்றுவது ஏனென்றால், சூரையின் கொழுப்பு உறைநிலையிலும் ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து காறல் எடுக்கும். இரண்டு மாதத்திற்குள் உண்டுவிட்டால் சுவை குன்றாது. பையின்மேல் தேதியை எழுத மறக்கவேண்டாம். ஃப்ரீசரில் கிடக்கும் எல்லாப் பைகளும் ஒரு மாதத்தில் ஒரே முகமாகிவிடும்.

ஃப்ரீசர் என்றால் 18 டிகிரி பூஜ்யத்திற்குக் கீழ் இருக்கவேண்டும். ஒற்றைக் கதவுப் பெட்டிகளின் மேல்தட்டு ஐஸ் அறை, ஐஸ் கட்டுகிறது என்பதாலேயே அந்த அளவை எட்டிவிட்டதாகக் கொள்ளக்கூடாது. பூஜ்யத்திற்குச் சற்றுக் கீழே போனாலே ஐஸ் கட்டிவிடும். ஒரு வெப்பமானியை ஓரிரவு உள்ளே வைத்துப் பார்த்துவிடலாம். உருக்கும்போது மேசைமேல் வைக்காமல் கீழ்த்தட்டுக்கு மாற்றி ஓரிரவு விடவேண்டும். வெளியே வைத்தால் நடுப்பகுதி இன்னும் கல்லாக இருக்கும்போதே விளிம்பு அபாய மண்டலத்தில் நுழைந்துவிடும். உருகிய மீனோடு புதிதாக நறுக்கிய வெங்காயத்தையும் மயோனைஸையும் கலந்து அன்றோ மறுநாளோ முடித்துவிடலாம்.

மின்தடையைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊரில் இக்கட்டுரை முழுமை பெறாது. கதவைத் திறக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டி சுமார் 4 மணி நேரமும், நிறைந்திருக்கும் தனி ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாக்குப்பிடிக்கும் என்பது பொதுக்கணக்கு. புயற்காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பங்களுக்குத்தான் சிக்கல். வந்து பார்க்கும்போது மின்சாரம் இருக்கும், எல்லாம் கல்லாக உறைந்திருக்கும். இடையில் இரண்டு நாள் உருகிக் கிடந்து மீண்டும் உறைந்ததா என்பது தெரியாது. இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு டம்ளர் நீரை ஃப்ரீசரில் உறையவைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் புறப்படவேண்டும். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. பனிக்கட்டிக்கு அடியில் புதைந்து கிடந்தால், உள்ளே இருக்கும் மீனை முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.